தென்னெல்லை கண்ட தலைவர்

நுழையும்முன்

நிலப்படத்தில் எல்லை என்பது ஒரு மெல்லிய கோடு. அக்கோட்டின் இருபுறமும் வாழும் மக்களுக்கோ அது பள்ளியில் பயிலும் மொழி. நீதிமன்றத்தில் வழங்கும் தீர்ப்பு. வயலுக்கு வரும் நீர். ஆட்சிகள் மாறும்போது எல்லைகள் மாறுகின்றன. எல்லைகள் மாறும்போது ஒரு மண்ணைப் பற்றி உலகம் கொண்டிருக்கும் எண்ணமும் மாறுகிறது. இந்தியாவின் தென்கோடியில் அத்தகைய மாற்றம் ஒன்று நிகழ்வதற்குத் தம் வாழ்நாளை ஈந்தவர் மார்ஷல் நேசமணி. அவருடைய வாழ்க்கை வழியே ஓர் எல்லைக்கோட்டின் வரலாற்றை அறிவோம்.

இரு நினைவுகளில் ஒரு மண்

குமரி முனையைத் தமிழகத்தின் தென்னெல்லையாகக் கொள்வது பழந்தமிழ் மரபு. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லைகளாகச் சுட்டுகிறது. கோகர்ணம் முதல் கன்னியாகுமரி வரை பரந்த நிலமே கேரளம் என்பது மலையாள நாட்டில் வழங்கும் பரசுராமர் தொன்மம். ஆக, குமரி மண் இரண்டு மக்களின் நினைவிலும் அவரவர் நாட்டின் கடைசிப் புள்ளியாக நின்றது. பிற்காலத்தில் எழுந்த எல்லைப் பூசலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இம்மண்ணை ஆண்டவர் பலர். நாஞ்சில் வள்ளுவன் என்னும் குறுநிலத் தலைவனைப் புறநானூறு அறிமுகப்படுத்துகிறது. ஆய் அரசர்கள் ஆண்ட காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், கருநந்தடக்கன் பார்த்திவபுரத்தில் கோயிலும் கல்விச்சாலையும் அமைத்தான். பாண்டியரும் சோழரும் நாஞ்சில் நாட்டைத் தம் ஆட்சிக்குள் கொணர்ந்தனர். கோட்டாறு என்னும் வணிக ஊர் சோழர் காலத்தில் மும்முடிச் சோழநல்லூர் எனப் பெயர் பெற்றது. பின்னர் வேணாட்டு அரசர் இப்பகுதியில் வேரூன்றினர். 1729இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மா, வேணாட்டை விரித்துத் திருவிதாங்கூர் என்னும் பேரரசாக்கினார். 1741இல் டச்சுப் படையைக் குளச்சலில் தோற்கடித்தார். அவருடைய தலைநகரம் கல்குளத்தை அடுத்த பத்மநாபபுரம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாறியது. அரசின் நடுவிடமாக இருந்த தென்பகுதி, அதன்பின் அரசின் ஓரமாகிவிட்டது.

ஓரமானாலும் அதன் வளம் குன்றவில்லை. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கியது. ஆயினும் அங்கு வாழ்ந்த மக்களின் தாய்மொழி தமிழாகவும், அரசின் அலுவல்கள் நடைபெற்ற மொழி மலையாளமாகவும் இருந்தன. சாதிக் கொடுமைகளும் கடுமையாக இருந்தன. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் 1859இல்தான் ஓரளவு வெற்றி கண்டது. கோயில் நுழைவு அறிவிப்பு 1936இல் வெளிவந்தது. மொழியுரிமையும் மனித மதிப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த இச்சூழலில்தான் நேசமணியின் வாழ்க்கை தொடங்கியது.

நாற்காலியும் முக்காலியும்

நேசமணி 1895ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், திருவிதாங்கூரின் தென்பகுதியில் உள்ள பள்ளியாடியில் பிறந்தார். சட்டம் பயின்று, 1921இல் நாகர்கோவிலில் வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கினார்.

அக்காலத்தில் நாகர்கோவில் நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உயர்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த வழக்கறிஞர்கள் அமர நாற்காலியும், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் அமர முக்காலியும் இடப்பட்டன. இருவரும் படித்த சட்டம் ஒன்றே. அணிந்த அங்கியும் ஒன்றே. இருக்கை மட்டும் வேறாக இருந்தது. நேசமணி அந்த முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். நீதி வழங்கும் இடத்திலேயே நீதி மறுக்கப்படுவதை அவர் ஒரு நாளும் ஏற்கவில்லை. அவ்வழக்கம் அங்கே முடிவுக்கு வந்தது.

ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர் என்னும் பெயர் அவருக்கு விரைவில் கிட்டியது. வழக்கறிஞர் சங்கத்தின் தலைவராகவும், 1940களில் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் சட்டமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். மக்கள் அவரை மார்ஷல் என்று அழைத்தனர். படைத்தலைவரைக் குறிக்கும் அப்பட்டத்தை அவருக்கு வழங்கியது எந்த அரசும் அன்று, மக்களே ஆவர்.

தனிநாடா, இணைந்த நாடா?

1947ஆம் ஆண்டு திருவிதாங்கூரைப் பல திசைகளில் இழுத்தது. ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனிநாடாகத் திகழும் என்று திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் அவ்வாண்டு ஜூன் மாதம் அறிவித்தார். மக்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஜூலை 25இல் அவர் மீது கொலைமுயற்சி நடந்தது. அதன்பின் திருவிதாங்கூர் மன்னர் இந்தியாவோடு இணைய இசைந்தார். தனிநாடு என்னும் படம் சில வாரங்களிலேயே கலைந்தது.

அதன் இடத்தில் வேறொரு படம் எழுந்தது. மலையாளம் பேசும் பகுதிகள் அனைத்தையும் ஒன்றுசேர்க்கும் ஐக்கிய கேரளம் என்னும் கருத்து வலுப்பெற்று வந்தது. மலையாள மக்களின் அவ்விருப்பம் இயல்பானது, நேர்மையானது. ஆனால் அக்கேரளத்திற்குள் தமிழ் பேசும் தென்பகுதியின் நிலை என்ன என்னும் வினாவுக்கு விடை இல்லை. பெரும்பான்மையாகத் தமிழர் வாழும் ஊர்கள், புதிய மாநிலத்தில் நிலையான சிறுபான்மையாகிவிடும் என்னும் அச்சம் பரவியது.

இவ்வச்சத்திற்கு அரசியல் வடிவம் தர முயன்றோர் முன்பே இருந்தனர். சாம் நதானியேல், பி.எஸ். மணி முதலானோர் 1945இன் இறுதியில் நாகர்கோவிலில் தொடங்கிய அமைப்பு, பின்னர்த் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. 1947 செப்டம்பர் 8ஆம் நாள் நேசமணி, நாகர்கோவிலில் வழக்கறிஞர்களையும் பொதுவாழ்வினரையும் கூட்டினார். தமிழ் பேசும் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்னும் முடிவோடு அவர்கள் இயக்கத்தில் இணைந்தனர். சிறு குழுவாக இருந்த அமைப்பு அதன்பின் மக்கள் இயக்கமாக வளர்ந்தது.

இயக்கத்தின் தொடக்கத்தில் ஒரு பெரும் இடர் இருந்தது. அது ஒரு சமூகத்தினரின் இயக்கம் என்னும் எண்ணம் வெளியே நிலவியது. ஓர் இயக்கத்தின் மீது விழும் இத்தகைய நிழல், அதன் கோரிக்கை எத்துணை நியாயமானதாயினும் அதனைச் சிறுமைப்படுத்திவிடும். அந்நிழல் அகல, பல சமூகத்தினரும் சமயத்தினரும் தோளோடு தோள் நிற்க வேண்டியிருந்தது. அப்துல் ரசாக், பி. இராமசாமிப் பிள்ளை, தாணுலிங்க நாடார், சிதம்பரநாத நாடார் எனப் பலரும் முன்வரிசையில் நின்று உழைத்தனர். கட்சிக்குள் கருத்து வேறுபாடுகளும் பிளவுகளும் தோன்றாமல் இல்லை. அவற்றைக் கடந்தே இயக்கம் முன்னேறியது.

ஒன்பது வட்டங்கள்

அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய ஒன்பது வட்டங்கள் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்பது இயக்கத்தின் கோரிக்கை. இவற்றுள் முதல் நான்கும் குமரி முனையை ஒட்டியவை. செங்கோட்டை, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே திருநெல்வேலியை ஒட்டியது. தேவிகுளமும் பீர்மேடும் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த உயர்மலைப் பகுதிகள். சித்தூர் பாலக்காட்டை ஒட்டியது. வரைபடத்தில் ஒரே தொடராக அமையாத இவ்வட்டங்களை இணைத்த இழை, அங்கு வாழ்ந்த மக்களின் மொழியே ஆகும்.

1948இல் நடந்த திருவிதாங்கூர்ச் சட்டமன்றத் தேர்தலில் இயக்கம் 14 இடங்களை வென்றது. அதே காலத்தில் மாங்காடு தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையாவும் காவல்துறையின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். 1949 ஜூலை 1இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. தமிழர்கள் அப்பெரிய மாநிலத்தில் முன்னைவிடச் சிறிய பங்கினர் ஆயினர். இயக்கத்தின் தேவை முன்னைவிட மிகுந்தது.

1952 தேர்தலில் நாகர்கோவில் தொகுதியிலிருந்து நேசமணி நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாகர்கோவிலில் ஒலித்த கோரிக்கை தில்லியில் ஒலிக்க வழி பிறந்தது. சட்டமன்றத்தில் இயக்கம் சில இடங்களையே பெற்றிருந்தபோதும், எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத சூழலில் அவ்விடங்கள் அமைச்சரவைகளை நிறுத்தவும் வீழ்த்தவும் வல்லவையாக இருந்தன. மக்களாட்சியில் சிறுபான்மையின் வலிமை எங்கே இருக்கிறது என்பதை இயக்கத்தினர் நன்கு உணர்ந்திருந்தனர்.

தெரிந்து தெளிவோம்

மாநில மறுசீரமைப்பு ஆணையம்: மொழிவழி மாநிலக் கோரிக்கைகளை ஆராய 1953 டிசம்பரில் இந்திய அரசு அமைத்த ஆணையம். தலைவர்: பசல் அலி. உறுப்பினர்கள்: எச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர். அறிக்கை அளித்த நாள்: 1955 செப்டம்பர் 30.

குருதி சிந்திய ஆகஸ்டு

1954 தேர்தலில் இயக்கம் 12 இடங்களைப் பெற்றது. பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் பிரஜா சோசலிஸ்டு கட்சியின் அமைச்சரவை அமைந்தது. தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளில் தமிழ்த் தொழிலாளர்கள் அடக்குமுறைக்கு ஆளாவதாகச் செய்திகள் வந்தன. ஜூலை மாதம் நேசமணியும் அப்துல் ரசாக்கும் சிதம்பரநாதனும் மூணாறு சென்றனர். தடையை மீறியதற்காகக் கைது செய்யப்பட்டனர்.

தென்வட்டங்கள் கொந்தளித்தன. ஆகஸ்டு 11ஆம் நாள் விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. ஊர்தோறும் ஊர்வலங்கள் நடந்தன. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. பலர் உயிரிழந்தனர். அவர்கள் படைக்கலம் ஏந்தியவர்கள் அல்லர். உழவும் கூலித்தொழிலும் செய்து வாழ்ந்த எளியவர்கள்.

அந்நிகழ்வு நாடெங்கும் அதிர்வை ஏற்படுத்தியது. பிரஜா சோசலிஸ்டு கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த இராம் மனோகர் லோகியா, மக்களைச் சுட்ட அரசு தம் கட்சியின் அரசேயாயினும் பதவி விலக வேண்டும் என்று வலியுறுத்தினார். அதனால் அக்கட்சிக்குள் பெரும் பிளவு உண்டாயிற்று. 1955 பிப்ரவரியில் அவ்வமைச்சரவை கவிழ்ந்தது. ஒரு மாநிலத்தின் மூலையில் நடக்கும் சிறு பூசல் என்று அதுவரை கருதப்பட்ட எல்லைச் சிக்கல், அதன்பின் இந்தியா முழுவதும் பேசும் வினாவாக மாறியது.

ஆணையத்தின் அளவுகோல்

உணர்ச்சி ஓர் இயக்கத்தைத் தொடங்கி வைக்கும். அதனை முடித்து வைப்பது சான்று. வழக்கறிஞரான நேசமணிக்கு இவ்வுண்மை நன்கு தெரியும். மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் முன் இயக்கம் தன் கோரிக்கையைச் சான்றுகளோடு வைத்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழிவாரிப் புள்ளிகள், நிலத்தொடர்ச்சி, வரலாறு, தேர்தல் முடிவுகள் ஆகிய அனைத்தும் அதற்குத் துணைநின்றன.

எதிர்த்தரப்பிலும் வலுவான வாதங்கள் இருந்தன. நாஞ்சில் நாட்டை இழந்தால் திருவிதாங்கூர் தன் நெற்களஞ்சியத்தை இழக்கும். தலைநகரத்திற்கு மிக அருகில் மாநில எல்லை வந்துவிடும். அரச மரபின் பழைய தலைநகரமான பத்மநாபபுரம் வேறு மாநிலத்திற்குச் செல்லும். ஒரு மக்களின் வரலாற்று நினைவு தொடர்பான இவ்வாதங்கள் எளிதில் புறந்தள்ளத் தக்கவை அல்ல.

அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு இணைய வேண்டும் என ஆணையம் பரிந்துரைத்தது. மக்களில் மிகப் பெரும்பான்மையினர் தமிழர் என்பதும், அவர்களின் விருப்பம் ஐயத்திற்கு இடமின்றி வெளிப்பட்டது என்பதும் அதற்குக் காரணங்களாயின. தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் அதே அளவுகோல் பயன்படவில்லை. அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலுக்காகக் குடிபெயர்ந்தவர்கள் என்றும், மாநிலத்தின் பொருளாதாரத்திற்கு அம்மலைப்பகுதி இன்றியமையாதது என்றும் கருதப்பட்டது. நெய்யாற்றின்கரையும் சித்தூரும் கிட்டவில்லை. ஒரே கோரிக்கையின் ஒரு பகுதிக்கு மொழி அளவுகோலாயிற்று. மற்றொரு பகுதிக்குப் பொருளாதாரம் அளவுகோலாயிற்று. எல்லைகள் எப்போதும் ஒரே விதியால் வரையப்படுவதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

கோடு மாறிய நாள்

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டம் என்னும் பெயரில் சென்னை மாநிலத்தின் பகுதியாயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. அதே நாளில் மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து கேரளத்தோடு இணைந்தது. குமரி மக்களின் கனவு நிறைவேறிய அந்நாளே மலையாள மக்களின் ஐக்கிய கேரளக் கனவும் நிறைவேறிய நாள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நேசமணிக்கு அது நிறைவான வெற்றி அன்று. கேட்டவை ஒன்பது, கிட்டியவை ஐந்து. எனினும் கிடைத்ததைக் கொண்டு மக்களின் வாழ்வை வளமாக்குவதே அடுத்த பணி என்று அவர் கருதினார். இணைப்பு என்னும் நோக்கம் நிறைவேறியபின் தனிக்கட்சிக்குத் தேவை இல்லை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், இந்திய தேசிய காங்கிரசோடு இணைந்தது. அமைச்சரவைகளை ஆட்டிவைக்கும் வலிமை பெற்ற ஒரு கட்சி, குறிக்கோள் முடிந்ததும் தன்னைத் தானே கலைத்துக்கொள்வது அரிய நிகழ்வாகும்.

1957இல் கிள்ளியூர் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்திற்கும், 1962, 1967 ஆகிய ஆண்டுகளில் நாகர்கோவிலிலிருந்து நாடாளுமன்றத்திற்கும் நேசமணி தேர்ந்தெடுக்கப்பட்டார். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோதே 1968 ஜூன் 1ஆம் நாள் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற தொகுதியில் அடுத்த ஆண்டு நடந்த இடைத்தேர்தலில் காமராசர் வெற்றி பெற்றார். நேசமணி மறைந்து சில மாதங்களில், 1969 ஜனவரி 14இல், சென்னை மாநிலம் தமிழ்நாடு என்னும் பெயரை ஏற்றது. எந்த மண்ணோடு இணைய அவர் பாடுபட்டாரோ, அம்மண் தனக்குரிய பெயரைப் பெற்றதைக் காண அவர் இல்லை.

எல்லைக்கு அப்பால்

குமரி மாவட்ட மக்கள் நேசமணியைக் குமரித் தந்தை எனப் போற்றுகின்றனர். நாகர்கோவிலில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது. மார்த்தாண்டத்தில் அவர் பெயரில் ஒரு கல்லூரி இயங்குகிறது. நவம்பர் 1ஆம் நாள் தாயகத்தோடு இணைந்த நாளாக ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது.

கோடு மாறினாலும் வாழ்க்கையின் இழைகள் அறுந்துவிடுவதில்லை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது; அதனைப் பேணுவது கேரள அரசு. முல்லைப் பெரியாறு அணை கேரளத்தில் உள்ள பீர்மேடு மலைப்பகுதியில் நிற்கிறது. அதன் நீர் பாய்வது தமிழ்நாட்டு வயல்களில். எல்லையோர ஊர்களில் இரு மொழிகளையும் இயல்பாகப் பேசும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஆற்றுநீர் பற்றிய கருத்து வேறுபாடுகளும் அவ்வப்போது எழுகின்றன. எல்லை வரையப்பட்டதோடு அண்டை மக்களின் உறவு முடிவதில்லை. அவ்வுறவைப் பேணும் பொறுப்பு இரு புறத்தாருக்கும் அன்று முதல் தொடங்குகிறது.

நிலத்தைப் பொறுத்தவரை குமரி 1956இல் இம்மியும் நகரவில்லை. அதே மலை, அதே கடல், அதே வயல்கள். மாறியது அங்கு வாழும் மனிதரின் நிலை. தம் தாய்மொழியில் கற்கவும், விண்ணப்பம் எழுதவும், முறையிடவும் அவர்கள் உரிமை பெற்றனர். முக்காலியை விலக்கி நாற்காலியில் அமர்ந்த இளம் வழக்கறிஞர் நாடியதும் அத்தகைய நிகர்நிலையையே. ஒரு மனிதருக்கு உரிய இருக்கையும் ஒரு மக்களுக்கு உரிய எல்லையும் மதிப்பு என்னும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பதை நேசமணியின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்

1. 1956ஆம் ஆண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள தென்னிந்திய நிலப்படங்களை ஒப்பிட்டு, எல்லைகளில் நிகழ்ந்த மாற்றங்களைப் பட்டியலிடுக.

2. மொழி, நிலத்தொடர்ச்சி, பொருளாதாரம் ஆகியவற்றுள் மாநில எல்லைகளை வகுக்க முதன்மையாகக் கொள்ளத்தக்கது எது என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊர் அல்லது மாவட்டம் கடந்த காலத்தில் எந்தெந்த ஆட்சிப் பகுதிகளில் இருந்தது என்பதை முதியோரிடமும் நூலகத்திலும் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.